மேற்கு மாம்பலத்துக்கு ஒரு படகு கார்

வாங்கிடு தம்பி. நான் தடுக்க மாட்டேன். கெழவனுங்கன்னாலே வாலிபப் பசங்க ஆசையில மண்ணள்ளிப் போடுறவனுங்கன்னு ஏற்கெனவே பேரு. அத இன்னும் பெருசாக்க எனக்கு இஷ்டமில்ல. டெக்சாஸ்ல எவனோ ஒரு தொரை 1959-ம் வருஷத்து செவர்லே இம்பாலா வச்சிருக்கான். போட்டோ காட்டுன, பாத்தேன். வெளிர் நீலம், பின்னாடி ரெண்டு பக்கமும் றெக்கை, அதுக்குக் கீழ பூனைக்கண்ணு விளக்கு. அழகுன்னா அழகுதான், அதுல உனக்கும் எனக்கும் வழக்கு கெடையாது. அதக் கப்பல்ல ஏத்தி மெட்ராஸுக்குக் கொண்டாந்து, ஆரியகவுடா ரோட்டுக்குப் பின்னாடி சந்துல, நம்ம ஃப்ளாட்டுக்குக் கீழ நிறுத்தப் போறேங்குற. பேஷா நிறுத்து. எனக்கு ரெண்டு மூணு சின்ன சந்தேகம், அவ்வளவுதான். பட்டிக்காட்டான் சந்தேகம். படிச்ச புள்ள நீ, தீத்துவச்சுட்டின்னா நான் பாட்டுக்கு என் ஈசிசேருக்குப் போயிடுறேன்.

மொதல்ல நீளம். அந்த வண்டி பம்ப்பருக்கு பம்ப்பர் 17½ அடி. அகலம் 6 அடி 8 அங்குலம். உங்கப்பா மொதமொதல்ல வாங்குன மாருதி 800 இருக்கே, அது 11 அடி. அம்பாசிடரே 14 அடிக்குக் கொஞ்சம்தான் மேல. நம்ம ஃப்ளாட்டக் கட்டுனவரு தூணுக்கும் தூணுக்கும் நடுவுல கோடு போட்டுக் குடுத்திருக்காரு பாரு, அத மாருதிய மனசுல வச்சுத்தான் போட்டாரு. நேத்து வாக்கிங் போறேன்னு சொல்லிட்டுக் கீழ எறங்கி கயிறு புடிச்சு அளந்தேன். மூஞ்சி உள்ள போனா, றெக்கை தெருவுல நிக்கும். நின்னா என்ன கெட்டுப்போச்சு? தெரு மாடு முதுகு சொறிஞ்சுக்க ஒரு நல்ல எடம் கெடைக்கும். எதிர் வீட்டு மாமி துணி காயப்போட்டுக்குவாங்க. அசோசியேஷன் செக்ரட்டரி மட்டும் கொஞ்சம் குதிப்பாரு, அவரு லிஃப்டுக்கே குதிக்குறவரு, விடு.

தெருவும் அப்படித்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு அயோத்தியா மண்டபம் பக்கம் நீ நடந்துபோயிருக்கியா? பூக்கடை, வாழைக்கா பஜ்ஜி, தள்ளுவண்டிக் காய்கறி, ரெண்டு பக்கமும் ஸ்கூட்டர், நடுவுல ஆட்டோ, ஆட்டோவுக்கும் பஜ்ஜிக்கும் நடுவுல நாம. அதுல ரெண்டு மீட்டர் அகலத்துக்கு ஒண்ண நுழைக்கப் போற. ராமநவமிக் கச்சேரி சமயத்துல நுழைச்சேன்னு வையி, வர்ணத்துல நுழைஞ்சவன் மங்களத்துல வெளிய வருவ. நல்லதுதானே, முழுக்கச்சேரியும் கேட்ட புண்ணியம்.

அப்புறம் மழை. இந்த நீள அமெரிக்க வண்டிகளுக்கு நம்ம சனம் படகு காருன்னு பேரு வச்சிருக்கு. அந்தப் பேர நம்பி எறங்கிடாத. லேக் வியூ ரோடுன்னு ஒண்ணு இருக்கே, அங்க லேக்கு எங்கன்னு என்னைக்காவது யோசிச்சியா? பெரிய ஏரி இருந்த எடம் இது. 1920-களில் அதத் தூத்துத்தான் அந்தப் பக்கம் தியாகராய நகரக் கட்டுனாங்க. ஏரி மறந்துபோகல. 2015-ல வந்து எட்டிப் பாத்துச்சு, 2021-ல பாத்துச்சு, 2023-ல மிக்ஜாம் புயலோட வந்து பாத்துட்டுப் போச்சு. துரைசாமி சுரங்கப்பாதை நெறைஞ்சுபோனா தி.நகரு நமக்கு வெளிநாடு. உன் இம்பாலா தரையோட தரையா ஒக்காந்திருக்குற வண்டி. தண்ணி ஏறுறப்ப மொதல்ல முழுகுறது அதோட கார்ப்பெட்டு, அப்புறம் ஸ்டார்ட்டர் மோட்டாரு. மேல்மாடிக்குத் தூக்கிட்டுப் போகலாம்னா ஒண்ணரை டன்னுக்கு மேல கனம்.

இப்படிப் பேசுறதால அமெரிக்க வண்டின்னா எனக்கு ஆகாதுன்னு நெனைக்காத. உனக்கு அது இன்ஸ்டாகிராமு. எனக்கு அது எங்க ஊரு லால்குடி. நாங்க காருன்னு சொல்லமாட்டோம், பிளசருன்னுதான் சொல்லுவோம். பிளசர் வருதுன்னா ஊரே வாசலுக்கு வரும். அந்தக் காலத்துல சீமை வண்டின்னா பாதிக்குப் பாதி அமெரிக்கக்காரன் வண்டிதான். இங்கிலீஷ்காரன் ஆண்டான், ஆனா அவனோட சின்ன வண்டி நம்ம வண்டிப்பாதைக்குத் தாங்கல. அமெரிக்காவுலயும் கிராமத்து ரோடு மோசம்தான் அப்போ, அதனால அவன் உசரமா, முரட்டுத்தனமா செஞ்சான். அது நமக்குத் தோதாப் போச்சு.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-லயே பம்பாய்ல பட்டறை போட்டுச்சு. உதிரியாக் கப்பல்ல வந்து இங்க பூட்டுனாங்க. ஃபோர்டு அதுக்கும் ரெண்டு வருஷம் முன்னாடியே கம்பெனி ஆரம்பிச்சு, நம்ம மெட்ராஸுலகூட வண்டி பூட்டுச்சு. நம்ம பக்கம் செவர்லே வேணும்னா மதுரை டி.வி.எஸ். அவங்கதான் ஜெனரல் மோட்டார்ஸ் ஏஜென்சி. ரெண்டாம் உலகப்போர்ல பெட்ரோலு இல்லாமப் போனப்ப அவங்களே கரிவாயு அடுப்பு செஞ்சு பஸ்ஸு பின்னாடி மாட்டி ஓட்டுனாங்க. கிளீனரு சக்கரத்தச் சுத்திச் சுத்திக் கரிய ஊதுவான், பஸ்ஸு மேட்டுல ஏறாது, சனம் எறங்கித் தள்ளும்னு எங்கப்பா சொல்லுவாரு. இன்னிக்கு உன் பேட்டரி காரு சார்ஜு எறங்கி நிக்குறப்ப எனக்கு அது ஞாபகம் வரும், சொல்றதில்ல.

சொதந்திரம் வந்த சமயத்துல வால்சந்த் ஹீராசந்தோட பிரீமியர் கம்பெனி பம்பாய் குர்லாவுல கிரைஸ்லர் கம்பெனி வண்டிகளப் பூட்ட ஆரம்பிச்சுது. டாட்ஜ், பிளைமவுத், டி சோட்டோ, அப்புறம் ஃபார்கோ லாரி. ஒரே வண்டிக்கு மூஞ்சிய மட்டும் மாத்தி மூணு பேரு வச்சு வித்த கெட்டிக்காரங்க. பிர்லாவோட இந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தரபாராவுல ஸ்டூடிபேக்கர் பூட்டுச்சு. அப்புறம் 1953-ல டாரிஃப் கமிஷன்னு ஒண்ணு ஒக்காந்து, இங்கயே பாகம் செய்யுறவன் மட்டும் இருக்கலாம், உதிரிய எறக்கிப் பூட்டுறவன் கெளம்பலாம்னு சொல்லிடுச்சு. ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல கடையச் சாத்துச்சு, ஃபோர்டும் அந்த வாக்குலயே போச்சு. திரும்ப 1990-களில் ரெண்டு பேரும் வந்தாங்க. ஃபோர்டு மறைமலை நகர்ல எவ்வளவு பெரிய ஆலை போட்டுச்சுன்னு நீயே பாத்திருக்க. 2017-ல ஜெனரல் மோட்டார்ஸ் இங்க விக்குறத நிறுத்திடுச்சு. 2021-ல ஃபோர்டும் இந்தியாவுல வண்டி செய்யுறத நிறுத்தப் போறேன்னு சொல்லிடுச்சு. ஆக, ரெண்டு தடவ வந்து ரெண்டு தடவ போன வீட்டுலேருந்து நீ மூணாவது தடவையா ஒண்ணக் கூட்டிட்டு வரப் போற. தைரியசாலி.

சரி, நடுவுல அந்த அறுபதுகள்ல இந்த இம்பாலா எல்லாம் எப்படி வந்துச்சுன்னு கேப்ப. இறக்குமதிக்குப் பூட்டு போட்டுட்டாங்க. ஆனா தூதரகத்துக்காரன் தன் வண்டியக் கொண்டாரலாம். அவன் வேலை முடிஞ்சு ஊருக்குப் போறப்ப அத அரசாங்கத்தோட ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் எடுத்து விக்கும். எஸ்.டி.சி. ஏலம்னா அன்னிக்கு மில்லு முதலாளியும் சினிமாக்காரரும் முட்டி மோதுவாங்க. கோடம்பாக்கத்துல ஒருத்தரு பெரிய ஆளாயிட்டாருன்னு சனம் எப்போ ஒத்துக்கும் தெரியுமா, படம் நூறு நாள் ஓடுனா இல்ல, வாசல்ல இம்பாலா நின்னாத்தான்.

அப்படி வாங்குனவங்கள்ல எனக்கு ஒருத்தர்தான் குரு. எம்.ஆர். ராதா. அவரு இம்பாலாவுல வைக்கோல் ஏத்திக்கிட்டுப் போனாருன்னு ஒரு கதை தமிழ்நாடு பூரா சொல்லுவாங்க, நீயும் கேட்டிருப்ப. ஊரு வாயப் பொளந்துச்சாம். அவருக்கு என்ன, மாடு இருக்கு, மாட்டுக்குத் தீனி வேணும், வண்டியில எடம் இருக்கு. முடிஞ்சுது. இந்த ஒரு கதையில இருக்குற விஷயம் உன் யூடியூப்பு வீடியோ நூறு பாத்தாலும் கெடைக்காது. நீ அந்த இம்பாலாவுல ஒரு கட்டு கீரை ஏத்துவியா? ஏத்த மாட்ட. சீட்டுல தண்ணி சொட்டும்ப. ஷூவக் கழட்டிட்டு ஏறுங்கம்ப. உங்கம்மாவ ஒக்காரவிடுறதுக்கு முன்னாடி பொடவையில ஊசி இருக்கான்னு பாப்ப. யானையக் கட்டுனவனுக்கு யானை வேலை செய்யணும். இங்க யானைக்கு நீ வேலை செய்யப் போற. பரவால்ல, சாஃப்ட்வேர் கம்பெனியில பழகுனவன்தானே.

இப்போ காகிதத்துக்கு வா. இதுதான் உனக்குப் புடிச்ச எடம், கம்ப்யூட்டர்ல தட்டுனா எல்லாம் முடிஞ்சுரும்னு நெனச்சிருக்க. வெளிநாட்டுப் பழைய காரு சட்டம் என்னன்னா, மூணு வருஷத்துக்கு மேல பழசு கூடாது, ஸ்டியரிங்கு வலது பக்கம் இருக்கணும், மும்பைத் துறைமுகம் வழியாத்தான் எறங்கணும். உன் வண்டி வயசு என் தம்பி வயசு. ஆனா ரொம்பக் கெழடாயிட்டா தனிச் சலுகை உண்டு, ரயில்வேயில எனக்கு இருந்த மாதிரியே. ரொம்ப காலமா 1950-க்கு முந்துன வண்டிக்கு மட்டும்தான் அந்தக் கதவு. 2025 தொடக்கத்துல அம்பது வருஷம் தாண்டுனதுக்கெல்லாம் தெறந்துவிட்டாங்க. ஆக, உன் 1959 உள்ள வரலாம். கையத் தட்டு. தட்டிட்டியா? இப்போ பர்ஸ எடு.

காரோட வெல, கப்பல் கூலி, இன்சூரன்ஸ், மூணையும் கூட்டுவாங்க. அந்தக் கூட்டுத்தொகைக்கு சுங்க வரி. வெல ப்ளஸ் சுங்க வரின்னு வர்ற தொகைக்கு மேல ஜி.எஸ்.டி. வரிக்கு வரி. எல்லாம் கூட்டிப் பாத்தா வரி வண்டி வெலையத் தாண்டி நிக்கும். அதாவது, ஒரு இம்பாலா நீ வாங்குற, ஒண்ணுக்கு மேல அரசாங்கத்துக்கு வாங்கிக் குடுக்குற. உன் தேசபக்திய நான் கொறச்சு எடை போட்டுட்டேன். வண்டி துறைமுகத்துல எறங்கி, காகிதத்துல ஒரு எழுத்து தப்பாப் போனா, அது அங்கயே நிக்குற ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ். கிளியரிங் ஏஜென்டுக்குப் பின்னாடி நீ நடக்குற நடையில உன் சுகர் கொறையும், டாக்டர் செலவு மிச்சம்.

புடிக்கலன்னா திருப்பி அனுப்பிடுவேன்னு மட்டும் சொல்லாத. இம்பாலா வேணாம், 1948 ப்யூக் வாங்குறேன்னு போன வாரம் இன்னொரு போட்டோ காட்டுன பாரு, அது மாதிரி 1950-க்கு முந்துனது இந்த மண்ணுல கால் வச்சா, வெளிய அனுப்ப அரசாங்கத்தோட அனுமதி வேணும். ஒரு காலத்துல மகாராஜாக்களுக்குக் கையில காசு வத்துனப்ப வெள்ளைக்காரனுங்க வந்து ரோல்ஸ் ராய்ஸையெல்லாம் காய்கறி வெலைக்கு அள்ளிக்கிட்டுப் போனானுங்க. அதுக்கப்புறம் போட்ட கட்டுப்பாடு. வர்றதுக்கு வரி, போறதுக்குத் தடை.

எறக்கியாச்சு, சரி. பதிவு பண்ணணும். 2021 ஜூலையில மத்திய சர்க்கார் இதுக்குன்னே தனி விதி கொண்டாந்துச்சு. அம்பது வருஷம் தாண்டி, அசல் ரூபத்துல இருக்குற வண்டிக்கு வின்டேஜ்னு பதிவு. 20,000 ரூபா கட்டணம், பத்து வருஷத்துக்குச் செல்லும், நம்பர் பிளேட்டுல டி.என். பக்கத்துல வி.ஏ.ன்னு ரெண்டெழுத்து வரும். கேக்கவே ஜோரா இருக்கு. அடுத்த வரியப் படி. அந்த வண்டிய தெனப்படி ரோட்டுல ஓட்டக் கூடாது. கண்காட்சிக்குப் போகலாம், ஆராய்ச்சிக்குப் போகலாம், பழைய கார் ஊர்வலத்துக்குப் போகலாம், ரிப்பேருக்குப் போகலாம், பெட்ரோல் போடப் போகலாம். அவ்வளவுதான். பெட்ரோல் போட்டுட்டு எங்க போறது? வீட்டுக்குத்தான். மறுபடி எதுக்கு வெளிய வர்றது? பெட்ரோல் போட. வாரிசுக்கு எழுதி வைக்க இதவிட நல்ல தொழில் உண்டா?

ஸ்டியரிங்கு இடது பக்கம் இருக்கே, அத நீ மறந்துட்ட, நான் மறக்கல. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 120. இடது கை வண்டின்னா சைகை காட்டுற கருவி ஒழுங்கா வேலை செய்யணும், இல்லன்னா பொது எடத்துல ஓட்டக் கூடாது. நம்ம ஊர்ல வலது பக்கமே கைய நீட்டாம திரும்புறவன்தான் மெஜாரிட்டி, அது வேற விஷயம். இடது பக்கம் ஒக்காந்தா ஒரு சௌகரியம், எறங்காமயே கீரைக்காரம்மா கிட்ட பேரம் பேசலாம். ஒரு சங்கடம், முன்னாடி போற பஸ்ஸத் தாண்டணும்னா எதிர்ல என்ன வருதுன்னு உனக்குத் தெரியாது. பக்கத்துல ஒக்காந்திருக்குற உங்கம்மா தலைய வெளிய நீட்டிப் பாத்துச் சொல்லணும். அவங்களுக்கு மைக்ரேன் வேற.

பெட்ரோலப் பத்திப் பேசவே கூச்சமா இருக்கு. எட்டு சிலிண்டரு. ஊருக்குள்ள லிட்டருக்கு நாலு, அஞ்சு கிலோமீட்டர் குடுத்தா சந்தோஷப்படு. மகாபலிபுரம் போய்த் திரும்ப 25 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல. சிற்பம் பாக்குற செலவு அதுல சேத்தி இல்ல. அதுவும் போகட்டும், காசுன்னா சம்பாதிச்சுக்கலாம். இன்னிக்கு பங்குல ஊத்துறது நூத்துக்கு இருபது எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸு, டயாஃப்ரம், கார்புரேட்டரோட கார்க்கு கேஸ்கட்டு எதுவும் எத்தனாலப் பாத்ததில்ல. ரப்பர் ஊறிப் பொளந்துரும். எத்தனால் ஈரத்த இழுக்கும், வண்டி சும்மா நின்னா டாங்கிக்குள்ள துருப் புடிக்கும். வருஷத்துல பாதி நாள் சும்மாத்தானே நிக்கப் போகுது. இன்னொண்ணு, அந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செஞ்சது. நம்ம நாட்டுல 2000-த்துலயே ஈயம் போயாச்சு. வால்வு சீட்டு தேஞ்சுபோகும், ஹெட்ட எறக்கி லேத்துல குடுத்து கெட்டி சீட்டு அடிக்கணும். பிரேக்கு நாலு சக்கரத்துக்கும் டிரம்மு, ஒரே ஒரு லைன். லைன் ஒரு எடத்துல பொளந்தா நாலும் போச்சு. அப்புறம் ஹேண்ட் பிரேக்கு, அதுவும் போனா அயோத்தியா மண்டபத்து ராமரு.

ஒரு விஷயம் மட்டும் நியாயமாச் சொல்லணும். இம்பாலாவுக்கு அமெரிக்காவுல பாகம் கெடைக்கும். 1965-ல ஒரே வருஷத்துல பத்து லட்சத்துக்கு மேல வித்த பேரு அது. அவனுங்க இன்னமும் அந்த வண்டிங்களுக்குப் புதுசா பாகம் செஞ்சு கேட்டலாக் போட்டு விக்குறானுங்க. உன் காசு, கப்பல் கூலி, மறுபடி சுங்கம். புதுப்பேட்டையிலயும் ஜி.பி. ரோட்டுலயும் தேடிப் பாப்பேன்னு நெனைக்குற பாரு, தேடு. இனோவா கதவு கெடைக்கும், ஆட்டோ மீட்டரு கெடைக்கும், உன் பூனைக்கண்ணு கண்ணாடி கெடைக்காது. மெக்கானிக்கு கிட்ட மில்லிமீட்டர் ஸ்பேனர்தான் இருக்கு, உன் வண்டிக்கு அங்குல ஸ்பேனரு. தோதில்லாத ஸ்பேனர வச்சுத் திருகி போல்டு தலைய மழுங்கடிச்சுட்டு, பழசு சார்ன்னு உன் வண்டியத்தான் திட்டுவான்.

இந்தக் கிறுக்கு உனக்கு மட்டும் இல்லன்னு ஆறுதல் சொல்லிக்க. சுவீடன்ல வெஸ்டெரோஸுன்னு ஒரு ஊரு, அங்க கோடையில பழைய அமெரிக்க வண்டிங்க ஆயிரக்கணக்குல கூடும், பேரன் காமிச்சான். கடலு தாண்டி எறக்குன வண்டிங்க. ஆனா அங்க ரோடு அகலம், வீட்டுக்கு வீடு கொட்டாய், பட்டறைக்காரனுக்கு மரியாதை. கியூபாவுல வேற கதை. 1962-ல அமெரிக்காக்காரன் வியாபாரத்த நிறுத்திப்புட்டான், இருக்குற செவர்லேய விட்டா வேற வண்டி இல்ல. ரஷ்யாக்காரன் எஞ்சினத் தூக்கி வச்சு இன்னமும் டாக்சி ஓட்டுறானுங்க. அவனுங்களப் பாத்து நீ பொறாமைப்படுற, அவனுங்க உங்கப்பாவோட மாருதியப் பாத்து.

நாமளும் அதத்தான் செஞ்சோம். பெட்ரோல் வெல ஏறுனப்ப இங்க இருந்த எத்தனையோ டாட்ஜுக்கும் பிளைமவுத்துக்கும் பெட்ரோல் எஞ்சின எறக்கிட்டு, செம்பியம் சிம்சன் கம்பெனி செஞ்ச பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின மாட்டுனாங்க. கல்யாண ஊர்வலத்துக்கு தடதடன்னு போகும், மாப்பிள்ளை பேசுறது பொண்ணுக்குக் கேக்காது. அதனாலயே சில கல்யாணம் நெலச்சுது.

இங்கதான் நான் ஒண்ணு சொல்லலாம்னு இருந்தேன். வேணாம்னா விட்டுடு. இத்தனை ஆயிரம் மைலு தாண்டி ஒரு வண்டியக் கொண்டாரணுமா தம்பி, வந்த வண்டிங்களே இன்னும் இங்க தூங்கிக்கிட்டுக் கெடக்குறப்ப? காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுங்கள்ல, கோயமுத்தூரு மில்லுக் கொட்டாய்ல, திருச்சியில, மதுரையில, ஏன், இங்கயே கோடம்பாக்கத்துல பூட்டுன வீட்டு போர்ட்டிகோவுல எத்தனையோ கெடக்கு. கோயமுத்தூர்ல ஜி.டி. நாயுடு பேர்ல இருக்குற ஜீடி கார் மியூசியம் போயி ஒரு நாள் முழுக்க நில்லு. நம்ம வடபழனி ஏவி.எம்.ல 2023-ல பழைய வண்டிங்கள வச்சு மியூசியம் தெறந்திருக்காங்க, ஆட்டோவுலயே போயிடலாம். மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப்புக்காரங்க ஊர்வலம் விடுறப்ப ஓரமா நின்னு ஓனருங்க மூஞ்சியப் பாரு, வண்டிய அப்புறம் பாக்கலாம். யாரு நிம்மதியா இருக்கான், யாரு ரேடியேட்டர் முள்ளையே பாத்துக்கிட்டு ஓட்டுறான்னு தெரியும்.

நான் சொல்றது குர்லாவுல பூட்டுன டாட்ஜ் கிங்ஸ்வே மாதிரி வண்டி. அதுவும் அசல் அமெரிக்க வண்டிதான், டெட்ராய்ட்டு ரத்தம். ஸ்டியரிங்கு வலது பக்கம். சுங்க வரி கெடையாது, கப்பல் கூலி கெடையாது. பக்கவாட்டு வால்வு வச்ச ஆறு சிலிண்டர் எஞ்சின், அதுல பயப்படுறதுக்கு ஒண்ணும் இல்ல, லாரிப் பட்டறையில வளந்த எந்தக் கெழ மெக்கானிக்கும் கண்ண மூடிக்கிட்டுப் பிரிப்பான். ஏற்கெனவே பதிவான வண்டின்னா பழைய எம்.எஸ். நம்பரையே வச்சுக்கலாம்னு அதே 2021 விதி எடம் குடுக்குது. அந்தப் பழைய மெட்ராஸ் நம்பரோட போற கிங்ஸ்வேக்கு முன்னாடி உன் டெக்சாஸ் நீலம் நிக்குமா? நிக்காது. ஆனா எஞ்சின் மாத்துனது, கூரைய வெட்டி கன்வர்ட்டிபிள் ஆக்குனது, இதெல்லாம் வின்டேஜ் பதிவுக்கு ஒத்துவராது. அசலா இருக்கணும்.

எங்க கெடைக்கும்னு கேக்குற. இப்பவாவது கேட்டியே.

லால்குடியில என் மச்சான் ஒருத்தன் இருக்கான். அவங்கப்பா காலத்து ரைஸ்மில்லு, இப்போ ஓடல. அந்தக் கொட்டாய்ல ஒரு 1956 கிங்ஸ்வே நிக்குது. கருப்பு. எஞ்சின் மாத்தல, ஏன்னா மாத்துறதுக்கு அவனுக்குச் சோம்பேறித்தனம். மேல நெல்லு உமி, உள்ள கோழி. கோழிக்குன்னு தனியா வெல கேக்க மாட்டான். நான் என்னமோ கமிஷனுக்காக இவ்வளவு நேரம் உன் இம்பாலாவக் கவுத்தேன்னு நெனைக்காத. எனக்குக் காசு வேணாம். முன் சீட்டு பெஞ்சு சீட்டு, மூணு பேரு தாராளமா ஒக்காரலாம், அதுல சன்னலோரம் எனக்கு. ராமநவமிக்கு ஒரு தடவ, பொங்கலுக்கு ஊருக்கு ஒரு தடவ. ஊருக்குப் போறத ரிப்பேருக்குப் போறதுன்னு எழுதிக்கலாம், பொய்யாவும் இருக்காது.

ஞாயித்துக்கிழமை காலையில வைகையப் புடிச்சுட்டாப் போதும்னு நெனைக்காத, அது மதியம்தான். ராத்திரி மலைக்கோட்டைக்கு டிக்கெட் போடு, எனக்கு லோயர் பெர்த். காந்தம் ஒண்ணு துணியில சுத்தி எடுத்துக்க. பாடியில வச்சுப் பாத்துக்கிட்டே வா, எங்க ஒட்டலையோ அங்க தகரம் இல்ல, பட்டிதான். ஆர்.சி. புத்தகத்துல இருக்குற எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் இரும்புல வெட்டுன நம்பரும் ஒண்ணான்னு நீ சரிபாரு, கண்ணு உனக்குத்தான் நல்லா இருக்கு. ஒரு எழுத்து மாறுனாலும் ஒரு காப்பியக் குடிச்சுட்டுத் திரும்பிடுவோம், மச்சானா இருந்தா என்ன. எல்லாம் சரியா இருந்தா வாயத் தெறக்காத. வண்டிய ஆசையாப் பாக்காத, றெக்கையத் தடவாத, போட்டோ எடுக்காத. வெலய நான் பேசுறேன்.

உங்கம்மா கேட்டா ஊர்ல கும்பாபிஷேகம்னு சொல்லு.